சுவருக்கு இந்தப் பக்கம் முப்பத்தாறு டிகிரி

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை விழுந்தது. விழுந்த இடம் கைபேசியின் கேமரா.

மகள் உலகம்மை, எங்களுக்கு உலகு, மதுரையில் கட்டடக்கலை படிக்கிறாள். ஐந்தாம் வருடம், கடைசி வருடம். மின்சாரம் இல்லாத காலத்தில் வீடுகள் எப்படித் தம்மைத் தாமே குளிர வைத்துக்கொண்டன என்று ஒரு ஆய்வு எழுதுகிறாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட வீடு, கடையத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீடுதான். வகுப்பிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டு, "யப்பா, எல்லாருக்கும் வீட்டைக் காட்டுங்க" என்றாள். தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுற்றிக் காட்டினேன். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், உயரத்தில் ஓட்டுக்கூரை, பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் நடுக்கூடம். அவளுடைய டீச்சர் ரெஹானா மேடம், "கோடையில உள்ளே எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டார்.

"ஏசி போட்ட மாதிரி இருக்கும் மேடம்" என்றேன். சொன்ன கையோடு குனிந்தேன். சொட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் கலங்கலாகத் தெரிந்திருப்பேன். எனக்கு அவர்கள் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

கூரியரில் இரண்டு வெப்பமானி வருகிறதாம். ஒன்றைப் பட்டாசலில் மாட்ட வேண்டும், ஒன்றை வெளியே நிழலில். தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். மறந்துவிடாமல் இருக்க, போன வருடத்து டைரி ஒன்று காலியாகக் கிடந்ததில் குறித்து வைக்கிறேன். பிளஸ் டூவை இரண்டு தடவையாகப் படித்து முடித்தவன் எழுத்து. யாரும் படிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வெளியே 37. உள்ளே 36.

வெப்பமானியைத் தட்டிப் பார்த்தேன். இடம் மாற்றி மாட்டினேன். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். 36. பாட்டன் கட்டிய வீடு பேரனுக்காக ஒரு டிகிரிதான் விட்டுக்கொடுத்தது.

நான் பால் சொசைட்டியில் இருபத்தாறு வருடமாக லாக்டோமீட்டர் விட்டுப் பார்க்கிறவன். கேனில் அரை லிட்டர் தண்ணீர் கலந்திருந்தால்கூட, கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல் அளவை மட்டும் சொல்லுவேன். "ஆவுடையப்பன் கையில சிக்குனா தப்ப முடியாதுவே" என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

உலகுக்கு அனுப்பினேன்: வெளியே 37, உள்ளே 31.

வெயிலில் ஐந்து டிகிரி தண்ணீர்.

ஏப்ரல் 4, வெள்ளி

உண்மை 36. அனுப்பியது 31.

ஏப்ரல் 6, ஞாயிறு

உண்மை 36. அனுப்பியது 30.5. அந்தப் புள்ளி ஐந்தைப் போட்டால் நம்பும்படி இருக்கும் என்று தோன்றியது. கள்ளத்தனத்துக்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டியிருக்கிறது.

வீட்டைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வீடு கிழக்குப் பார்த்தது. தெருவாசல் முதல் புறவாசல் வரை ஏழு வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில். நடுவில் வானம் பார்த்த முற்றம். மேற்கே மலை. மலையிலிருந்து இறங்கும் காற்று புறவாசல் வழியாக நுழைந்து, முற்றத்தைத் தாண்டி, ஏழு நிலையும் கடந்து தெருவுக்குப் போகும். முற்றத்துச் சூடு மேலே போய்விடும். அப்பா இருந்தவரை மதியத்தில் நாங்கள் போர்த்திக்கொண்டு தூங்கினோம். சத்தியமாக.

அப்பா போன பிறகு, ஒன்பது வருடம் முன்பு, பாகம் பிரித்தோம். எங்களில் மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். அதுதான் முறை. கோமதிநாயகம் அண்ணன் வீட்டைக் குறுக்கே இரண்டாக வைத்தார். முன்கட்டு ஒன்று, பின்கட்டு ஒன்று. "நல்லா யோசிச்சு எடு டே" என்றார். அவர் அப்படிச் சொன்னதே எனக்குச் சந்தேகமாகப் போயிற்று. சட்டென்று முன்கட்டு என்றேன். தெருவாசல், பித்தளைப் பெயர்ப்பலகை, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நுழைகிற இடம். புறவாசல் அவருக்குப் போனது. அதோடு காற்றும் போனது எனக்கு அடுத்த கோடையில்தான் தெரிந்தது.

முற்றத்தின் நடுவே பத்தடிச் சுவர் எழும்பியது. அண்ணன் கொத்தனாரிடம் சொல்லி அதில் பன்னிரண்டு துளைக் கற்கள் வைக்கச் சொன்னார், என் பக்கமும் காற்று வரட்டும் என்று. பிறகு அந்தத் துளைகள் அடைபட்டுப்போயின. ஒரு வீடென்றால் நூறு நடக்கும்.

கடைசி இரண்டு வரியை உலகுக்கு அனுப்பவில்லை. அவளுக்குத் தெரிந்ததுதான். பெரியப்பா அடைத்துவிட்டார் என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் பின்கட்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

உண்மை 36.5. அனுப்பியது 31.

உலகு போன் செய்தாள். குரலே துள்ளுகிறது. "யப்பா, ஆறு டிகிரி வித்தியாசம்! மேடம் அசந்துட்டாங்க. இதை வெளியூர்ல ஒரு கருத்தரங்குக்கு அனுப்பலாம்னு சொல்லுதாங்க."

"நல்லதும்மா" என்றேன்.

"உங்களாலதாம்பா" என்றாள்.

வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். பட்டாசலுக்கும் வாசலுக்குமாக எத்தனை நடை என்று தெரியவில்லை. மனைவி பகவதி அடுக்களையிலிருந்து, "தரை தேயப் போவுது, வந்து தேங்காயத் துருவுங்க" என்றாள். துருவினேன். ஒரு முடிவுக்கு வந்தேன். நம்பரை வீட்டுக்குச் சமமாக ஏற்ற இனி வழியில்லை. வீட்டை நம்பருக்குச் சமமாக இறக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 12, சனி

எட்டுச் சாக்கு வாங்கி நனைத்து எல்லா ஜன்னலிலும் தொங்கவிட்டேன். தரையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் பத்திரிகை நமுத்தது, உப்பு ஜாடி கசிந்தது, கொசு வந்தது.

பகவதி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, வெப்பம் கொறைஞ்சுதா?" என்றாள்.

"ஒரு டிகிரி."

"எனக்கு இட்லிக் கொப்பரைக்குள்ள உக்காந்திருக்க மாதிரி இருக்கு. இன்னும் பத்து நிமிசம் போனா வெந்திருவேன், எடுத்துச் சட்னி வச்சுச் சாப்பிடுங்க."

வெளியே போக வழி இல்லாத ஈரம் வெக்கையோடு சேர்ந்துகொள்ளும் என்று அவளுக்கு எட்டாம் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு பிளஸ் டூவில் சொல்லித் தந்திருப்பார்கள். இரண்டு தடவை.

உண்மை 35. அனுப்பியது 30.5.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. 36.

ஏப்ரல் 17, வியாழன்

என் பக்கத்து அரை முற்றத்துக்கு மேலே பைபர் ஷீட் போட்டிருந்தேன், மோட்டார் சைக்கிள் நனையாமல் இருக்க. இன்று சொசைட்டி விட்டு வந்ததும் ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றினேன். நாலாவது ஷீட்டைத் தூக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

அண்ணன் தன் பாதி முற்றத்தில், நிழல் விழுந்த வெறும் கல்தரையில் படுத்திருந்தார். முகத்தில் துண்டு. மின்விசிறி இல்லை, பாய் இல்லை. கொடியில் கிடந்த அவர் வேட்டி காற்றில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தது. திரும்பி என் கொடியைப் பார்த்தேன். என் வேட்டி மொட்டைச் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி அசையாமல் கிடந்தது.

முழங்காலில் நின்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மதினி அரிசி புடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். ஒன்பது வருடத்தில் நேருக்கு நேராக முதல் தடவை.

"என்ன கொழுந்தனாரே, கூரைமேல?"

"பூனை மதினி. பூனை ஒண்ணு ஏறிடுச்சு."

"பூனையா? அது இங்க சோறு தின்னுக்கிட்டுல்லா இருக்கு" என்றார். அதுவும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்து தின்றது.

அண்ணன் முகத்திலிருந்த துண்டு அசைந்தது. தூக்கத்தில் சிரித்தாரா, முழித்துச் சிரித்தாரா என்று தெரியவில்லை. இறங்கிவிட்டேன்.

இரண்டு மணிக்கு உள்ளே 34.5! ஷீட்டுக்குக் கீழே தேங்கிக் கிடந்த சூடு மேலே போய்விட்டது. பொய்யில்லாத ஒன்றரை டிகிரி. பகவதியைக் கூப்பிட்டு வெப்பமானியைக் காட்டினேன். "மோட்டார் சைக்கிள் எங்க நிக்கப் போவுது?" என்று கேட்டாள். மழை வரட்டும், பட்டாசலில் ஏற்றி என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

34.5. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. சூடு போக வழி வந்துவிட்டது. உள்ளே காற்று வர வழி இல்லை. அது வர வேண்டிய இடத்தில் சுவர் நிற்கிறது. சுவரில் பன்னிரண்டு சதுரம், சுற்றிலும் இருக்கிற பூச்சைவிடக் கொஞ்சம் கறுப்பாக. ஷீட் இருந்தவரை அந்த இடம் இருட்டு, கண்ணில் படாது. இப்போது பளிச்சென்று வெயில் விழுகிறது. கைகழுவப் போனால் தெரிகிறது, சாப்பிட உட்கார்ந்தால் தெரிகிறது.

அனுப்பியது 30.

ஏப்ரல் 22, செவ்வாய்

உலகு போன். இந்தத் தடவை குரலில் துள்ளல் இல்லை.

"மத்தவங்க எடுத்த வீடுகள்லாம் ரெண்டு டிகிரி, மூணு டிகிரிதாம்பா கொறையுது. நம்ம வீடு மட்டும் ஆறு, ஏழு. மேடம் ஒரு மாதிரி பாத்தாங்க. வகுப்புல ஒருத்தன், உங்க வீட்டுல ஐஸ் ஃபேக்டரி நடக்கான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"எங்கப்பா பால் சொசைட்டில அளவு பாக்கிறவரு, ஒரு சொட்டுத் தண்ணிய விடமாட்டாரு, அவரு எழுதுன நம்பர்ல தப்பு இருக்காதுன்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன்."

மே பத்தாம் தேதி மேடமே வருகிறாராம், தானே எழுதிக்கொள்கிற கருவி ஒன்றோடு. அதை மாட்டிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதுவே குறித்துக்கொள்ளுமாம். அதற்கு மகள் கிடையாது, பெருமை கிடையாது.

ஏப்ரல் 23, புதன்

சொசைட்டியில் மூன்று பேர் பாலை அளவு பார்க்காமல் ஊற்றிவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

சாப்பாடு இறங்கவில்லை. மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன். பகவதி இலையை மடித்தபடி, "சொல்லிருங்க" என்றாள்.

"எதை?"

"எதைன்னு கேக்கியளே. அப்ப எத்தனை இருக்கு?"

நான் வெப்பமானியைப் பார்க்கப் போனேன். மணி ஒன்றுதான் ஆகியிருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

34.

அந்தத் துளைகள் வழியாகக் காற்று மட்டும் வரவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சும் வந்தது. பாகம் பிரித்த முதல் கோடை. நான் இந்தப் பக்கம் சுவரோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு துளைக்கு நேராக முதுகைக் காட்டினால் சுகமாக இருக்கும். அண்ணன் மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம், அவனுக்கு வாசலைத்தான் பாக்கத் தெரிஞ்சுது. அதுக்குத்தான் இந்தத் துளையாவது இருக்கட்டும்னு வச்சேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பாவம் என்றார். நான் அவர் போட்ட காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரம் அண்ணன் குடும்பம் திருச்செந்தூர் போயிருந்தது. பகவதி உலகுவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பாத்ரூம் கட்டியதில் அரை மூட்டை சிமென்ட் மிச்சம் கிடந்தது. இதற்கு மேல் எழுதினால் கை வேர்த்துத் தாள் ஒட்டுகிறது.

மே 3, சனி

உலகு வந்துவிட்டாள், மேடம் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அளந்து வரைய. பையை இறக்கியதும் நேரே வெப்பமானி முன்னால் போய் நின்றாள். மணி இரண்டே கால். 34.5.

"இன்னைக்கு ஏம்பா இவ்வளவு கூட?"

"என்னைக்கும் அவ்வளவுதாம்மா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் என்னென்னமோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்து, "முப்பத்தொண்ணு நான் போட்டது. வீடு போட்டது முப்பத்தாறு" என்று மட்டும் வந்தது.

உலகு கீழே உட்கார்ந்தாள். "ஒரு மாசம்" என்றாள். "ஒரு மாசம்பா. வரைபடம் போட்டு, கணக்குப் போட்டு, அறுபது பக்கம் எழுதிட்டேன். எல்லாரு முன்னாலயும் உங்களைப் பத்திப் பேசியிருக்கேன்." பிறகு, "ஏம்பா?" என்றாள்.

"உன் வீடு தோத்துரக் கூடாதுன்னு."

"வீடு ஜெயிக்கிறதுக்கா நான் படிக்கேன்?"

ஈரச்சாக்கு கட்டியதை, கூரையில் ஏறியதை, பூனையைப் பற்றி எல்லாம் சொன்னேன். மதினி சொன்னதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று அழுதாள். பகவதி இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொம்பு தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

மே 4, ஞாயிறு

காலையில் உலகு தெளிந்திருந்தாள். "உண்மையான நம்பர் எங்கயாவது எழுதி வச்சிருக்கியளா?"

"தினமும்."

"நோட்டைக் குடுங்க."

"பிரதி எடுத்துத் தாரேன்."

"எதுக்குப் பிரதி? அதையே குடுங்க, போட்டோ எடுத்துக்கிடுதேன்."

"அதுல பால் கணக்கு, சொந்த விசயம்லாம் கெடக்கும்மா" என்று டைரியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். உட்கார்ந்து முப்பத்தொரு நாளையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். ஷீட் எடுத்த நாளுக்குப் பக்கத்தில் அவள் ஒரு வட்டம் போட்டாள். "இங்க பாருங்க. நீங்க தெரியாம ஒரு சோதனை பண்ணியிருக்கிய. மூடியிருந்தப்ப முப்பத்தாறு, தெறந்த பிறகு முப்பத்திநாலரை. பொய்யான ஆறு டிகிரியவிட இந்த உண்மையான ஒண்ணரை நூறு மடங்கு பிரயோஜனம்பா."

அப்புறம் எழுந்து போய்ச் சுவர் முன்னால் நின்றாள். விரலால் ஒரு கறுப்புச் சதுரத்தைத் தடவினாள்.

"பெரியப்பா பக்கமும் அளக்கணும். நான் போயிக் கேக்கப் போறேன்."

"அவரு என்ன சொல்லுவாரோ."

"அடிக்கவா போறாரு?" என்று போய்விட்டாள். தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். நாலு நிமிட நடை. ஒன்பது வருடமாக எங்களுக்கு அந்த நடை முடியவில்லை.

வாசலுக்கும் பட்டாசலுக்கும் நடந்தேன். அவள் திரும்பி வர இரண்டு மணி நேரம். கையில் ஒரு தூக்குவாளி, மதினி கொடுத்த கூட்டாஞ்சோறு. பகவதி வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள். கண்ணைத் துடைத்தாளோ என்னவோ.

"அங்க முப்பத்தொண்ணரைப்பா" என்றாள் உலகு. "நீங்க போட்ட நம்பர் பொய்யில்ல. சுவருக்கு அந்தப் பக்கத்து நம்பர்."

மே 5, திங்கள்

உலகு இன்று முழுக்கப் பின்கட்டில்தான். சாப்பிட வந்தபோது சொன்னாள். "துளையத் தெறந்துரலாமான்னு கேட்டேன். பெரியப்பா உடனே சரின்னுட்டாரு. யாரு அடைச்சதுன்னும் கேட்டேன்."

சோற்றில் கை வைத்தவன் எடுக்கவில்லை.

"நான்தாம்மா அடைச்சேன், அப்ப ஒரு கிறுக்கு, மனசுல வச்சுக்கிடாதன்னாரு. பெரியம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாங்க. அவரு ஒரு பார்வை பாத்தாரு, எந்திரிச்சுப் போயிட்டாங்க."

பகவதி ரசம் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். இலை நிறைந்து தரைக்கு ஓடியது.

மே 6, செவ்வாய்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. 35.

மே 7, புதன்

உலகு சுவரைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள், படித்துப் பார்க்கச் சொல்லி. பன்னிரண்டு துளைகள், ஒவ்வொன்றின் அளவு, வைத்த வருடம். கடைசியில்: பின்கட்டில் வசிக்கும் கோமதிநாயகம் இவற்றைப் பின்னர் அடைத்துவிட்டார்.

"பெரியப்பா பக்கம் ஒவ்வொரு துளையிலயும் சிமென்ட் பிதுங்கி வழிஞ்சு நிக்குதுப்பா" என்றாள், தாளைப் பார்த்தபடியே. "நம்ம பக்கம் கரண்டியால தேய்ச்சு மட்டமா இருக்கு. எந்தப் பக்கம் நின்னு பூசுனா அப்படி வரும்னு முதல் வருசத்துலயே சொல்லித் தருவாங்க." தாளின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "ஆனா அவரே சொல்லிட்டாரு. அதனால அவர் பேரைப் போட்டிருக்கேன். இது கல்லூரி நூலகத்துல இருக்கும், வர்ற பிள்ளைகள் எல்லாம் படிக்கும். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவையும் படித்தேன்.

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"சரிப்பா" என்று தாளை வாங்கிக்கொண்டாள்.

மே 10, சனி

ரெஹானா மேடம் வந்தார். நான் பொய் எண் கொடுத்ததை உலகு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மேடம் என்னைப் பார்த்து, "ஐஸ் ஃபேக்டரி சார் நீங்கதானா?" என்றார். பூமி பிளந்தால் போயிருப்பேன், ஆனால் சிமென்ட் தரை. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், இது ரொம்ப நல்ல ஆய்வாயிடுச்சு. ஒரே வீடு, ஒரே சுவர், ஒரே வெயில். பாதிக்குக் காத்து இருக்கு, பாதிக்கு இல்ல. இப்படி ஒண்ணு தேடினாலும் கிடைக்காது" என்றார். இரண்டு பக்கமும் கருவியை மாட்டினார். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நிலைத்ததும் துளைகளைத் திறந்து, முன்பும் பின்பும் அளக்க வேண்டுமாம். மே 24 என்று நாள் குறித்தார்கள். அன்று சாயங்காலமே ஆய்வு பைண்டிங்குக்குப் போகிறது. அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட மாற்ற முடியாது.

மே 16, வெள்ளி

தெருமுக்குக் கடையில் அண்ணன் நின்றிருந்தார். எனக்கு வாங்க ஒன்றுமில்லை, இருந்தும் போனேன். பக்கத்தில் நின்றேன். "கால் கிலோ வெல்லம்" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போகிறபோது, "சர்க்கரை இருக்குல்லா உனக்கு" என்றார். போய்விட்டார். வெல்லம் அலமாரியில் கிடக்கிறது.

மே 20, செவ்வாய்

காற்று தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் கதவு ஒன்று அடித்துக்கொள்வது கேட்கிறது.

மே 24, சனி

காலை பத்து மணிக்கு இரண்டு பக்கமும் உளி. என் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன். கொத்தனார் வேண்டாம் என்று அவர் சொல்லி அனுப்பினாராம். உலகு என் பக்கம் கருவியோடு, மேடம் அவர் பக்கம். பகவதி முற்றத்துத் தூணோடு சாய்ந்து நின்றாள், முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புடைக்க ஒன்றும் இல்லாமல்.

டக், டக். நான் ஒன்று தட்டினால் அவர் ஒன்று தட்டினார். சிமென்ட் அசையவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏலே, மெதுவாத் தட்டு, கல்லே போயிரும்" என்று வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன இரண்டாவது வாக்கியம்.

"சரிண்ணே."

"கலவையில மணலே கிடையாது போலுக்கு, சிமென்ட்டாவே அப்பியிருக்கு. நான் பூசுனதுல்லா, அவ்வளவு லேசுல உடையுமா?"

மேடம் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். பகவதி சிரிக்கவில்லை. உலகு கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அதில் பார்க்க அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை.

முதல் துளை பதினொன்றே காலுக்கு விட்டது. ஒரு கட்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. தூசி என் முகத்தில் அடித்தது, அதன் பின்னாலேயே காற்று. குளிர் என்று சொல்ல முடியாது. ஆனால் நகர்கிற காற்று. கழுத்து வேர்வையில் பட்டதும் மேனி சிலிர்த்தது. பட்டாசலில் நாட்காட்டித் தாள் எழும்பி விழுந்தது. "ஏயம்மா" என்றாள் பகவதி.

பன்னிரண்டும் திறக்க மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு உலகு படித்தாள். "வெளியே முப்பத்தேழு. பெரியப்பா பக்கம் முப்பத்திரெண்டு. நம்ம பக்கம் முப்பத்திரெண்டரை!" மேடம் அந்தப் பக்கம் கை தட்டினார். மதினி யாரிடமோ பாயசம் என்று சொல்வது துளை வழியாகக் கேட்டது. வெல்லம் இல்லாத பாயசமாக இருக்கட்டும் எனக்கு.

உலகு மடிக்கணினியை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். "பைண்டிங்குக்கு இப்ப அனுப்பப் போறேன். யப்பா, யாராவது ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிருங்க." யாராவது என்றாள். என்னைத்தான் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துக் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள்.

என் முகத்துக்கு நேராக இருந்த துளையில் அண்ணனுடைய முகம் வந்தது. ஒரு கண்ணும் பாதி மூக்கும். புருவமெல்லாம் சிமென்ட் தூசி. நரைத்திருக்கிறது, தூசி எது நரை எது என்று பிரிக்க முடியவில்லை.

"காத்து வருதாலே?"

"வருதுண்ணே" என்றேன்.

"பொறவு என்ன? முகத்தக் கழுவு" என்றார்.

விசையை உலகு தட்டிய சத்தம் கேட்டது. நான் முகத்தைக் கழுவப் போகவில்லை. துளை முன்னாலேயே நின்றேன். தொண்டையில் தூசி என்று காட்டிக்கொண்டு இரண்டு தடவை இருமினேன். இருமலுக்கு நடுவில் வந்ததை அப்படியே விழுங்கினேன்: அடைச்சது நான்தாம்ணே. நீ என்னைப் பாவம்னு சொன்னது பொறுக்கல.